உத்திராபதி ஊற்றாத தண்ணீர்

உத்திராபதிக்கு நான் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தேன். இரண்டு மாதச் சம்பளம் இருநூற்று எண்பது, பதினாறு நாள் படி முப்பத்திரண்டு. அறுவடை முடிந்த பிறகுதான் டிரைவர் சம்பளத்தை மொத்தமாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் வழக்கம். நடுவில் கொடுத்தால் வேறு வண்டிக்குப் போய்விடுவான் என்ற பயம். அப்படித்தான் அவன் பணம் என் பெட்டியில் நின்றது. நின்றது என்று சொல்வதுகூடத் தப்பு, நான் நிறுத்தி வைத்தேன்.

என் பெயர் ஜெகபர் அலி. திருவிடைமருதூரில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். பதினாலு வயதில் தேங்காய் மூட்டை தூக்கினேன். முப்பத்தாறு வயதில் ஏலத்தில் சொந்த லாரி எடுத்தேன். ஒருத்தரிடமும் வட்டிக்கு வாங்காமல் எடுத்தேன். என்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன், மெக்கானிக்குகளே என்னைக் கேட்டுவிட்டுக் கை வைத்த காலம் உண்டு. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமைதான். ஆனால் எழுத உட்கார்ந்தது உத்திராபதியைப் பற்றி.

அவன் ஆற்றுக்குத் தென்கரையில் கூலிக்காரர் தெருவில் பிறந்தவன். துரைராசுவின் ரைஸ் மில்லில் மூட்டை தூக்க வந்தான். மூட்டை எண்ணுகிற வேலையும் அவனுடையதுதான். எங்கள் பக்கத்தில் நெல்லை எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்று தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று போவார்கள். அந்த "லாபம்" உத்திராபதியின் தொண்டையிலிருந்து வந்தால் மில் வாசலில் நிற்கிற மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். லாரிகளை மேடைக்குப் பின்னால் ஒதுக்கிக் கொடுத்துக் கொடுத்தே ஸ்டியரிங் பிடிக்கப் பழகிக்கொண்டான். தஞ்சாவூருக்கு நாலு தடவை நடந்து லைசென்ஸ் வாங்கினான். அந்தத் தெருவில் முதல் லைசென்ஸ் அதுதான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பான். தெருவில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை, "டிரைவர்" என்றால் அவன்தான். அவன் மனைவி ராமாயிக்கு "டிரைவர் பொண்டாட்டி" என்றே பெயர். நாலு வருஷம் என் வண்டியை ஓட்டினான், ஒரு கீறல் விழவில்லை.

உதயசூரியன் ஆட்சிக்கு வந்து மூன்றாவது தை மாதம் அது. அதற்கு முந்தைய சித்திரையில் பட்டுக்கோட்டையிலிருந்து மெட்ராஸுக்குத் தேங்காய் ஏற்றிப் போனோம். வெயிலில் ரேடியேட்டர் கொதித்து வழியில் மூன்று இடத்தில் நின்றது. விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நானே என்ஜினைத் திறந்து தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்தேன். என்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற சின்னப் பித்தளைச் சாமான் அது. அதை எடுத்ததும் வண்டி கொதிக்கவே இல்லை. வெள்ளைக்காரன் வைத்த வால்வு நம்ம வெயிலுக்கு எதற்கு என்று ஊரெல்லாம் சொன்னேன். அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

தை பிறந்ததும் வண்டி சம்பா அறுவடைக்குப் போனது. துரைராசு மில் மட்டுமல்ல, முப்பது வேலி நிலமும் உள்ள மிராசுதார். அவர் களத்திலிருந்து மில்லுக்கு இரண்டு மைல். ஏற்ற ஒரு மணி நேரம், இறக்க ஒரு மணி நேரம். நிற்கிற நேரமெல்லாம் என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது என் உத்தரவு, டீசல் மிச்சமாகும். அந்த வருஷம் பனி கொட்டியது. காலை எட்டு மணிக்கும் வரப்பு தெரியாது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் ரேடியேட்டர் முன்னால் உத்திராபதி ஒரு சாக்கைக் கட்டியிருந்தான்.

"என்னடா இது, வண்டிக்கு வேட்டி கட்டி விட்டிருக்கே?"

"என்ஜின் சூடே ஏறல பாய். கைய வச்சா பானை மாதிரி சில்லுன்னு இருக்கு. கொஞ்சம் காத்த மறைச்சா..."

"சூடேறாம இருக்கத்தான் நான் மண்டைய ஒடைச்சு வால்வக் கழட்டியிருக்கேன். அவுரு."

அவன் அவிழ்க்கவில்லை. நானே பிய்த்து எறிந்தேன்.

அப்போது கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வரப்பில் நின்றார்கள். துரைராசு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்க முடிவு செய்தார். ஆட்களை ஏற்றிவர என் லாரியைக் கேட்டார். உத்திராபதி மாட்டேன் என்றான்.

"வண்டிய மறிச்சுக்கிட்டு மொதல்ல என் மச்சான் நிப்பான் பாய். அவன் மேல ஏத்தச் சொல்றீங்களா? நெல்ல ஏத்துங்க, ராவும் பகலும் ஓட்டுறேன். இது வேணாம்."

நானே ஓட்டிப் போய் ஏற்றி வந்தேன். யாரும் குறுக்கே விழவில்லை, ஆனால் மண்ணாங்கட்டி நிறைய விழுந்தது.

அதற்கு மூன்றாம் நாள், மில் வாசலில் என்ஜின் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக, திரிந்த தேங்காய்ப்பால் மாதிரி அப்பியிருந்தது.  ஆயிலில் தண்ணீர் கலந்தால் என்ஜின் போச்சு, அந்த என்ஜின்தான் என் வாழ்க்கை.

"உத்திராபதி, இங்க வா. இது என்னடா?"

விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். "தண்ணி கலந்திருக்கு பாய்."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க. ரேடியேட்டர்ல ஒரு சொட்டுக் குறையல. காலையில பார்த்தேன்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த துரைராசு சிரித்தார். "வானத்துலேர்ந்து பெஞ்சிருக்கும் பாய். செங்கொடி மழை."

மூட்டைக்காரர்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் தீயாக ஏறியது. "மச்சான் சொன்னானா, சங்கம் சொல்லுச்சா? எத்தனை செம்பு ஊத்துனே?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன்.

உத்திராபதி கத்தவில்லை. "அடியில இருக்கிற போல்ட்டக் கழட்டுங்க பாய். ஒருத்தன் தண்ணி ஊத்தியிருந்தா அது அடியிலதானே போயி நிக்கும்? மொதல்ல தண்ணிதான் வரும். வந்தா என் கைய வெட்டுங்க."

நியாயமான பேச்சு. ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் இருபது பேர் முன்னால் என் டிரைவர் எனக்கு வண்டி சொல்லித் தருவதா?

"சாவிய வச்சிட்டுப் போடா."

"சம்பளம் பாய்?"

"கெட்டுப்போன ஆயிலுக்கு ஒங்கப்பனா காசு குடுப்பான்?"

சாவியை பானெட்டின் மேல் வைத்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், லைசென்ஸ் இருக்கிறதா என்று. போய்விட்டான்.

அன்றைக்கு மத்தியானம் நான் அந்த போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் மாற்ற வேண்டுமே. முதலில் வந்தது கறுப்பு ஆயில். கடைசியில் வந்ததும் கறுப்பு ஆயில். தனியாகத் தண்ணீர் என்று ஒரு கரண்டி இல்லை. பக்கத்தில் புது டிரைவர் செல்லத்துரை நின்றான். "ஏன் மொதலாளி, தண்ணியே வரலியே?" என்றான். "ஒன் வேலையப் பாரு" என்றேன்.

துரைராசு மற்ற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். உத்திராபதி கும்பகோணம் போனான், மன்னார்குடி போனான். "ஆயில்ல தண்ணி ஊத்துனவனா?" என்று கேட்டு அனுப்பினார்கள். பிறகு கரும்பு வெட்டப் போனான். குழாயடியில் ராமாயியிடம், "டிரைவர் பொண்டாட்டி, ஒன் லாரி எங்கடி, மேயப் போயிருக்கா?" என்று கேட்டார்களாம். அவள் தண்ணீருக்கு அடுத்த தெருவுக்குப் போக ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தேன். புது ஆயில், புது டிரைவர், துரைராசு அரைப்படிக்கு ஒப்புக்கொள்ள, சங்கமும் கொடியை மடித்துவிட்டது. மூடியில் அதே வெள்ளை.

கும்பகோணத்தில் மீரா சாகிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். என்ஜினின் மேல்மூடி ஹெட்டைப் பார்த்தார், தண்ணீர் கசிய விரிசல் இல்லை. தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜெகபரண்ணே, வால்வு எங்க?"

"நாந்தான் கழட்டுனேன்."

"சித்திரையில கழட்டுனீங்க, சரி. தையில, ரெண்டு மைல் ஓட்டத்துக்கு, அணைச்சு அணைச்சு ஓட்டுறப்பவுமா? டீசல் எரியுறப்ப ஆவியும் சேந்துதான் வரும். என்ஜின் நல்லா சுட்டா அது வெளிய போயிடும். சுடலேன்னா உள்ளயே தண்ணியா நின்னு ஆயில்ல கலந்துக்கும். ஒருத்தனும் ஊத்த வேணாம்." கையைத் துடைத்துக்கொண்டே, "போவட்டும், முன்னாடி ஒரு சாக்காவது கட்டியிருக்கலாமே? அதுகூடவா தெரியல ஒங்க டிரைவருக்கு?" என்றார்.

 என் வாழ்க்கையில் ஒரு மெக்கானிக் முன்னால் நான் வாயடைத்து நின்றது அந்த ஒரு நாள்தான்.

ஊருக்குக் காட்டிய வால்வையே திரும்பப் போட்டால் எங்கே அது என நாலு பேர் கேட்பார்கள் என்று, அலமாரியில் இருந்ததைத் தொடாமல் மீரா சாகிப்பிடமே ஒரு பழையதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தனுப்பினேன். மறுநாளே மீரா சாகிப் உறையோடு திரும்பி வந்தார்.

"வாங்க மாட்டேங்கிறான் அண்ணே. வீட்டுல வச்சு வாங்கிட்டா ஊத்துனவன் ஊத்துனவனாவே நின்னுடுவான்னு சொல்றான். சொன்ன எடத்துல சொல்லிட்டு, சொன்ன எடத்துலயே எண்ணிக் குடுக்கணுமாம். இல்லேன்னா பணத்த நீங்களே வச்சுக்கணுமாம்."

"அவ்ளோ திமிரா?"

"கரும்புச் சோகை கிழிச்சுக் கையெல்லாம் ரணம். அந்தக் கையாலதான் ஒறையத் தள்ளுனான்."

இருபத்தாறு நாள் அந்த உறை என் பெட்டியில் கிடந்தது. ஏலத்தில் லாரி எடுத்தவன், யாருக்கும் தலை குனியாதவன், மில் வாசலில் போய் நின்று என்ன சொல்வது? தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விடிந்ததும் முதல் நினைப்பு அந்த உறைதான்.

கடைசியில் என் மனைவி சைத்தூன் பீவி அலமாரியைத் திறந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து வந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத ஊருல வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டுனீங்களே. இப்ப மட்டும் ஏங்க காட்ட வெக்கமா இருக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு வண்டி தெரியாது. ராமாயி ரெண்டு தெரு சுத்தித் தண்ணி தூக்குறது தெரியும்."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

உத்திராபதிக்குச் சொல்லி அனுப்பினேன். மாசிக் கடைசி வெள்ளி, ஜும்ஆ முடிந்து மில் வாசலுக்குப் போனேன். அதே நாற்காலியில் துரைராசு, அதே மூட்டைக்காரர்கள். உத்திராபதி வெள்ளைச் சட்டை போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான்.

"என்ன பாய், ஏதோ கூட்டம் போடப்போறீங்களாமே? சங்கத்துல சேந்துட்டீங்களா?" என்றார் துரைராசு.

நான் முடிச்சை அவிழ்த்து வால்வை உயர்த்திப் பிடித்தேன்.

"இந்த வால்வக் கழட்டுனவன் நான். அதனாலதான் என்ஜின் சுடாம ஆயில்ல தண்ணி சேந்துச்சு. உத்திராபதி ஊத்தல. அவன் சாக்குக் கட்டுனான், அதையும் நாந்தான் பிச்சு எறிஞ்சேன்."

 பின்னால் ஒரு மூட்டைக்காரர், "போல்ட்டக் கழட்டச் சொன்னானே அன்னிக்கு?" என்றார்.

"சொன்னான். மத்தியானம் கழட்டுனேன். தண்ணி வரல. அன்னிக்கே தெரியும்."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. வந்துவிட்டது.

துரைராசு எழுந்தார். "என் வாசல்ல வச்சு என் மூஞ்சியில கரி பூசுறீங்க. வர்ற குறுவைக்கு என் நெல்லு வேற வண்டியில போவும் பாய்."

"போவட்டும் மொதலாளி."

போனது. அடுத்த வருஷமே வேறு இரண்டு மில்களின் ஓட்டம் எனக்குக் கிடைத்தது, அது வேறு கதை. உத்திராபதியும் என் வண்டிக்குத் திரும்பவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், சிரித்தான். பட்டுக்கோட்டைத் தேங்காய் லாரி ஒன்றில் ஏறி, பத்தொன்பது வருஷம் ஓட்டினான். பனிக்காலத்தில் ரோட்டில் எதிரே வந்தால் அவன் வண்டி முன்னால் சாக்கு கட்டியிருக்கும், ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உறையைப் பிரித்து அவன் முன்னால் போனேன். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு மூட்டைக்காரர்களைப் பார்த்தான்.

"எண்ணுங்க பாய். எல்லாருக்கும் கேக்கட்டும்."

பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் நீட்டி விரித்தான். உள்ளங்கையில் சோகை கிழித்த கோடுகள் இன்னும் ஆறவில்லை. பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அதன் மேல் வைத்தேன்.

"லாபம்" என்றேன். அவன் குரல் எனக்கு இல்லை, ஆனாலும் வாசல் முழுக்கக் கேட்டது. "ரெண்டு. மூணு. நாலு..."

இருபதைத் தாண்டும்போது மூட்டைக்காரர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தொன்று வந்ததும் நிறுத்தி, உறையில் மிஞ்சியிருந்த இரண்டு ரூபாய் நோட்டை எடுத்து, மடிப்பை நீவி, மேலே வைத்தேன்.