மலைச்சரிவுக்கு வாசித்த பெயர்கள்

எங்கள் போடி சமுதாய வானொலி தொடங்கிய வருஷம், மைக்கைப் பார்த்தாலே எனக்குப் பயம். இப்போது அறிவிப்பாளர் வேலைக்கு வரும் பிள்ளைகள், "எப்படி மேடம் பயமில்லாமப் பேசுறீங்க?" என்று கேட்கிறார்கள். என் பயம் ஒரே பிற்பகலில் போனது. அதைச் சொல்கிறேன்.

டிரான்ஸ்மிட்டர் சின்னதுதான். ஆனால் குரங்கணி மலைச்சரிவு எங்கள் டவருக்கு நேர் எதிரே நிற்கிறது. செல்போன் சிக்னல் எட்டாத ஏலத்தோட்டத்திலும் எங்கள் நிலையம் கணீரென்று கேட்கும். காய் பறிக்கும் பெண்கள் கிளையில் சின்ன ரேடியோவைத் தொங்கவிட்டு வேலை பார்ப்பார்கள். திங்கட்கிழமை விருப்பப் பாட்டுக்கு, அவர்களில் ஒருவரான பேச்சியம்மா முந்தின நாளே சிலமலையிலிருந்து போன் செய்துவிடுவார்.

"ஆத்தா, பாட்டு எதை வேணாலும் போடு. எங்ககூட காய் பறிக்கிற செட்டு ஆளுக பேரை மட்டும் ஒண்ணு விடாம வாசிச்சிரு."

"மத்த நிகழ்ச்சியெல்லாம் கேக்குறீங்களாக்கா?"

"அட போத்தா! நீங்க பேச ஆரம்பிச்சாலே ரேடியோவ அமத்திருவோம். பேட்டரி என்ன சும்மாவா வருது?"

எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் மேலாளருக்கோ பெயர் வாசிப்பதே பிடிக்காது. "பேரு வாசிச்சே பாட்டு முடிஞ்சிருது. இது வானொலியா, ரேஷன் கடையா?" என்பார். அடுத்த வாரத்திலிருந்து பெயர் கிடையாது என்று சொல்லியும் விட்டார்.

அந்த வாரமே மழை வெளுத்து வாங்கியது. மதியம், பெண்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர் முருகண்ணன் குரங்கணியிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, மேல போற ரோடு அத்துக்கிருச்சு. சாயங்காலம் ஜீப்பு வரலைன்னா அவளுக குறுக்குப் பாதையில நடந்து எறங்கிருவாளுக. ஓடையில தண்ணி புரண்டு வருது, ஆளை அள்ளிட்டுப் போயிரும். வெரசா ரேடியோவுல சொல்லு!"

மேலாளர் உடனே எழுதித் தந்தார்: "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு..." வாசித்தேன். மறுபடி வாசித்தேன். அப்போதுதான் உறைத்தது. பேச்சைக் கேட்டதுமே அமத்தியிருப்பார்களே!

தினமும் போடும் மூன்று மணிப் பாட்டுக்கு மறுபடி ரேடியோவைத் திறப்பார்கள். பாட்டைப் போட்டு, பாதியில் ஃபேடரை இறக்கிச் சத்தத்தைக் குறைத்து மைக்கைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் பாட்டின் நடுவே பேச வேண்டாமென்று கையை ஆட்டினார். ஆட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இந்தப் பாட்டு சிலமலை பேச்சியம்மாக்கா, ராசிங்காபுரம் ஈஸ்வரிக்கா, மாரித்தாயி, செல்லத்தாயி, முத்துப்பிள்ளை உங்களுக்கு. யக்கா, அமத்திராதீங்க! ஜீப்பு வராது. ஓடைப் பக்கம் எறங்காதீங்க. காய் உலர்த்துற ஸ்டோர்லயே தங்குங்க. பேச்சியம்மாக்கா, கேக்குதா?"

கேட்டதா என்று எப்படித் தெரியும்? வானொலியில் அதுதான் கொடுமை, பதில் வராது. பாட்டுக்குப் பாட்டு பெயர்களை வாசித்தேன். கடைசியில் மேலாளரே உள்ளே வந்து தண்ணீர் பாட்டிலை வைத்து, "இன்னொரு தடவை வாசிம்மா" என்றார்.

மறுநாள் ஸ்டுடியோ வாசலில் சேற்றுக் கால்களோடு அந்தப் பெண்கள் கூட்டம்; ஓடை வடிந்ததும் நடந்தே இறங்கி வந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலை வைத்துத்தான் பேச்சியம்மாவைத் தெரிந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

"கூறுகெட்டவளே, அதான் வந்துட்டோம்ல! எதுக்கு அழுவுற?" என்று அவரும் அழுதார்.

பின்னால் ஓர் இளம்பெண் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம்தான் செட்டில் சேர்ந்தவளாம்.

"எல்லாரு பேரையும் சொன்னீக, என் பேரு வரலை. வீட்டுல கைப்பிள்ளைய விட்டுட்டு வந்தவ நான். நமக்குச் சொல்லலை போலன்னு ஓடைக்குக் கெளம்பிட்டேன். பேச்சியம்மாக்காதான் முடியப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாக."

பெயர்ப் பட்டியலை எடுத்தேன். "உன் பேரென்ன தாயி?" என்று கேட்டேன். பாண்டியம்மா என்றாள்.

பெயர் வாசிப்பதை நிறுத்தும்படி மேலாளர் அதன்பின் சொல்லவே இல்லை. புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மைக்கில் ஊருக்குப் பேசாதீர்கள், ஓர் ஆளிடம் பேசுங்கள். நான் இன்றைக்கும் திங்கட்கிழமை பாண்டியம்மா பெயரில்தான் தொடங்குகிறேன். முடிக்கும்போது, "பேர் விட்டுப்போன அக்கா, உங்களுக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுகிறேன்.