ஒற்றையடிப்பாதைப் புத்தகம்

அத்தை வேலை பார்க்கும் பிரிவில் ஓர் அலமாரிகூடக் கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறியதும் இடப்பக்கம். சுவரையொட்டி நீள மேசை, அதில் வரிசையாகக் கணினிகள், மூலையில் அத்தையின் நாற்காலி. 'மின்னூல் பிரிவு' என்று கதவில் எழுதியிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "புத்தகமெல்லாம் எங்கக்கா?" என்பார்கள்.

"எல்லாம் வெளிய போயிருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும்" என்பாள் அத்தை.

பக்கத்து அறையில் கவிதைத் தொகுப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அத்தைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். யாரோடும் பேச வேண்டியிராத இடம் அது. பேசுகிறவர்களை வேண்டிய மட்டும் கவனிக்கலாம்.

மின்னூல் என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்திருந்தேன். அத்தையின் கணக்கு வேறு. முழுத் தொகை கொடுத்து வாங்கியவை சொந்த வீட்டுப் புத்தகங்கள், காலத்துக்கும் நம்முடையவை. ஆண்டுச் சந்தாவில் கூட்டம் கூட்டமாக வருபவை குடித்தனக்காரர்கள். சந்தா முடிந்தால், சில சமயம் முடியும் முன்பே, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிடுவார்கள். பதிப்பகங்கள் ஒரு மாதம் பார்க்கக் கொடுப்பவை விருந்தாளிகள். "பழகிட்டோம்னு நெனைக்கறப்ப மூட்டையக் கட்டும்." எழுதியவர்களே எல்லாருக்கும் திறந்துவிட்டவை மரத்தடி, யாரும் வந்து உட்காரலாம். சிலதில் ஓர் அத்தியாயத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். சிலது இறக்கிய பிறகு தவணை முடிந்ததும் தானே அழிந்துபோகும்.

அத்தைக்கு அதிகம் தலைவலி கொடுத்தவை ஒற்றையடிப்பாதைப் புத்தகங்கள். அவையும் சொந்த வீடுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்ற ஒப்பந்தத்தில் வாங்கியவை. பலர் போகலாம் என்றால் விலை எட்டாது. ஒருவர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்கு 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு வரி வரும். முன்னால் போகிறவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவருக்கு வழி.

அந்த முன்னால் போகிறவர் யார் என்று பார்க்க அத்தையின் கணினியில் ஒரு பக்கம் உண்டு. அவள் அதைத் திறப்பதில்லை. ஒருமுறை ஒரு துறைத் தலைவர் வந்து, தன் மாணவன் ஒருவன் எந்தப் புத்தகங்களைப் படிக்கிறான் என்று கேட்டார். அத்தை எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னாள்: "யாரு என்ன படிக்கறாங்கங்கறது, யாரு என்ன மாத்திரை சாப்பிடறாங்கங்கற மாதிரி சார். மருந்துக் கடைக்காரன் வெளிய சொல்லலாமா?" அவர் அதற்குப் பிறகு இரண்டாம் மாடிக்கு வரவில்லை.

மாமா அப்படியே நேரெதிர். அவர் வாயில் எதுவும் தங்காது. இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறார். முடி வெட்டிக்கொள்ளப் போனால் ஊர்க்கதை இலவசம். அவருடைய வலது கை, வேலை இல்லாமல் நாற்காலிக் கைப்பிடியில் கிடக்கும்போது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தவள் அத்தை. சீப்பை எடுத்தால் அடங்கிவிடும். கீழே வைத்தால் மறுபடி ஆடும்.

"ஒரு நடை டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்ங்க."

"எதுக்கு? தூக்கம் இல்ல, அவ்வளவுதான். என் கை நடுங்கினா இந்நேரம் ஊர்ல பாதிப் பேரு காது இல்லாம திரிவான்."

அத்தை சிரிக்கவில்லை. போன மாதம் எனக்கு முடி வெட்டியபோது நானும் சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்து, பின்கழுத்தில் கத்தி வைக்க வேண்டிய நேரத்தில், கூட வேலை செய்பவரைக் கூப்பிட்டு, "நீ முடிச்சு விடுப்பா, எனக்குக் கால் வலிக்குது" என்று உட்கார்ந்துகொண்டார். கத்தியைப் பிடிக்க முடியாவிட்டால் மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. அதை அவரும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த அந்த இருவருக்கு நடுவில் அது மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் நரம்பியல் தேர்வு வாரம் வந்தது. மருத்துவ மாணவர்கள் எல்லாரும் ஒரே பெரிய ஆங்கில நூலுக்கு வந்து நின்றார்கள். அது ஒற்றையடிப்பாதை. திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு காலையும் அதே வரி: பயன்பாட்டில் உள்ளது. மதியத்துக்கு மேல்தான் வழி விடும், அப்போது முந்திக்கொள்கிறவருக்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலை, அத்தை 'டாக்டர் பொண்ணு' என்று அழைக்கும் மாணவி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். அவளுக்கு மதியம் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள், இன்றும் விட்டால் ஒரு வருடம் போகும்.

கணினியைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது புத்தகமா, பஸ் ஸ்டாண்ட் பாத்ரூமா? எப்பத் தட்டினாலும் உள்ள ஆள் இருக்கு."

"பொறும்மா, வந்துருவாங்க."

"வயித்துக்கு முடியாத ஆளு போல. திங்கக்கிழமை உள்ள போனவங்க இன்னும் வரல."

"அச்சுப் பிரதி ஒண்ணு கீழ இருக்கணுமே?"

"இருந்துச்சு. அத எடுத்துட்டுப் போனவர்தான் இன்னைக்கு எங்கிட்ட கேள்வி கேக்கப் போறவர்."

"பழைய பதிப்பு சந்தாவில இருக்கு, தரட்டா?"

"சிகிச்சை அத்தியாயத்தையே மாத்தி எழுதியிருக்காங்கக்கா. பழசச் சொன்னா கதவக் காட்டுவார்."

அவள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்ததை முணுமுணுக்க ஆரம்பித்தாள். "நடுக்குவாதம். ஒரு பக்கமா ஆரம்பிக்கும். சும்மா இருக்கறப்ப நடுங்கும், வேலை செய்யறப்ப அடங்கும். விரல்ல மாத்திரை உருட்டற மாதிரி..."

அத்தையின் தட்டச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது. பின்னாலிருந்து எனக்கு அவள் தோள்கள் மட்டும்தான் தெரிந்தன.

நூலகர் சுற்றி வரும் நேரம் அது. கதவருகே நின்று விஷயத்தைக் கேட்டார். "யாருன்னு பாத்து வெளியேத்துங்கம்மா. பொத்தான் எதுக்கு இருக்கு?"

"படிச்சிட்டிருக்கறப்பவா சார்?"

"படிக்கறாங்களோ, திறந்து போட்டுட்டுத் தூங்கறாங்களோ! ஒரே ஆளு வாரம் பூரா பிடிச்சு வச்சிருந்தா அதுக்குப் பேரு அடாவடி. இந்தப் பொண்ணு பரீட்சை போனா நீங்க பதில் சொல்வீங்களா?"

அவர் போனபின் அத்தை கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

பணியாளர் கணக்கு ஒன்றின் எண் இருந்தது. அத்தை படித்தாள், மறுபடி படித்தாள், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அடக் கடவுளே, என் நம்பர்! நானே திருடி, நானே போலீஸ்!" எங்கேயோ திறந்து வைத்து மறந்திருக்கிறாள் போல. தன் கணினியில் ஒவ்வொன்றாக மூடினாள். கணக்கிலிருந்தே வெளியே வந்து, மறுபடி உள்ளே போனாள்.

பயன்பாட்டில் உள்ளது.

சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது. அவள் அந்தப் புத்தகத்தை இந்த வாரம் திறக்கவே இல்லை.

வீட்டுக் கணினியில் அவள் கணக்கு எப்போதும் திறந்தேதான் கிடக்கும். சலூனுக்காக முடி, தோல் பற்றிய படங்களைப் பார்க்க மாமாவுக்கு வழி சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். சலூன் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், காலையில் ஆள் வரமாட்டார்கள் என்று சொல்லி மாமா இந்த வாரம் முழுக்க மதியத்துக்கு மேல்தான் கடை திறந்தார். பள்ளத்தைத் திங்கட்கிழமையே மூடிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் வந்தேன்.

திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான்: வெளியேற்று. அத்தை அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினால் அங்கே, அந்த வீட்டில், ஒரு மனிதர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும் வரி பாதியில் மறைந்துபோகும். யார் மறைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. மறுபடி எப்போது திறப்பார், திறப்பாரா என்பது தெரியாது.

"அக்கா," என்றாள் மாணவி. "அந்த ஒரு அத்தியாயம் போதும்க்கா."

அத்தை கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். எனக்கு முழங்கை தூரம். என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல வெளியே திரும்பிக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

மாமாவின் குரல் எப்போதும்போல் கைபேசிக்கு வெளியே வந்தது. "கடைக்குக் கிளம்பிட்டே இருக்கேன். ஏன், வீட்டுக்கு உப்பு வாங்கணுமா?"

"கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுது... பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

"ஏங்க." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "இங்க ஒரு பொண்ணு காத்திட்டிருக்கா. அவளுக்கு மதியம் பரீட்சை. நீங்க படிக்கற புத்தகம் அவளுக்கு வேணும். அது ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் படிக்க முடியும்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மாமா பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. கடையில் ரேடியோ நின்றுபோனால்கூட அந்த இடத்தை அவரே நிரப்பிவிடுவார்.

"எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "யாருக்கும் இடைஞ்சல் பண்றேன்னு தெரியாது."

"இடைஞ்சல் இல்ல. படிச்சாச்சா?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. எனக்கு மெதுவாத்தான் வருது. ஒவ்வொரு வார்த்தையும் தேடித் தேடி..."

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி மாணவியைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"படிங்க. பாதில விடாதீங்க. முடிச்சிட்டு மூடுங்க. கடைக்குப் போக வேணாம், நான் வரேன்."

திரும்பி வந்து அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்த பக்கத்தை மூடினாள். "ரெண்டு பக்கம் பொறுத்துக்கோம்மா."

"ரெண்டு பக்கம்தானே, ரெண்டு நிமிஷம்" என்றாள் அவள்.

இரண்டு நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மாணவி தட்டிப் பார்த்தாள், பயன்பாட்டில் உள்ளது. எழுந்து தண்ணீர் குடித்தாள், வந்து தட்டினாள். அதே வரி. "ரெண்டு பக்கத்த எழுதறாங்களா, படிக்கறாங்களா?" என்றாள், பாதி அழுகையில். அத்தையின் கை மவுஸின்மேல் போகும், திரும்பி மடிக்கு வரும். நூலகர் மறுபடி கதவில் தலையை நீட்டினார். "முடிஞ்சுதா?"

"முடியுது சார்."

"ஆளு யாரு?"

"வாசகர் சார்."

"வாசகர்னு எனக்குத் தெரியாதா? பேரு?"

"அதச் சொல்லக் கூடாதுல்ல சார்." அத்தை எழுந்து நிற்கவில்லை. அவர் அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கையிலிருந்த கவிதையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதருக்கு இரண்டு பக்கம் எவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"வந்துருச்சு!" மாணவி கத்தினாள்.

அப்புறம் அவள் தலை நிமிரவே இல்லை. உதடு அசைய அசையப் படித்தாள். அத்தை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் கிளம்பவில்லை. மாணவி ஒரு வழியாக நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தபோது, அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா இருக்கறப்ப கை நடுங்கினா, அது அந்த வியாதிதானாம்மா?"

மாணவி பதிலை நாக்கு நுனியில்தான் வைத்திருந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"பரீட்சைக்குன்னா உடனே சொல்லிருவேன்க்கா. ஆளுக்குன்னா, பாக்காம சொல்லக் கூடாது. நடுக்கத்துல எத்தனையோ வகை. கூட்டிட்டு வாங்க, திங்கக்கிழமை எங்க பெரிய டாக்டர் இருப்பாங்க, நானே வரிசையில நின்னு சீட்டு எடுத்து வைக்கறேன்."

"அந்த வியாதியாவே இருந்தா?"

"மருந்து இருக்கு. நெறைய இருக்கு. அதத்தானே இப்ப அவ்வளவு நேரம் படிச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை ஓடியவள் நின்றாள். திரும்பி, 'பயன்பாட்டில் உள்ளது' என்ற வரி இப்போது இல்லாத திரையை ஒரு தரம் பார்த்தாள். அத்தையின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போட்டு முடித்தவள்போல இருந்தது.

"அக்கா, அந்த வாசகர்கிட்ட சொல்லுங்க. நான் கிளம்பிட்டேன், புத்தகம் இப்ப காலியாத்தான் இருக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கட்டும்."

மாணவியின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்ததும் அத்தை எழுந்தாள். அரை நாள் விடுப்பு என்று நூலகரிடம் சொல்லப் போகிற வழியில் என் தோளைத் தொட்டாள்.

"வரியாடா? உங்க மாமா பேசாம உக்காந்திருப்பார். அதப் பாக்க எனக்குத் தனியாத் தைரியம் இல்ல."