ஓவிய அக்காவுடன் போன சனிக்கிழமைகள்

சால்வையில் தூரிகையைத் துடைத்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் புத்தக வார விழா அது. கதை எழுதுகிறவள் என்று என்னையும் ஓவியர் என்று அவரையும் அழைத்திருந்தார்கள். சால்வை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, ஒவ்வொருவராக வந்து நின்று புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள், பட்டறைக்கென்று ஒதுக்கியிருந்த நேரத்தில் பாதி போய்விட்டது. அவர் மேடையிலிருந்து இறங்கினார். பிள்ளைகளிடமே நாற்காலிகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சார்ட் பேப்பரை விரித்தார். ஈரத் தூரிகையைத் துடைக்கத் துணி கேட்டார். எவரும் கொண்டுவருவதாகத் தெரியவில்லை. தோளில் கிடந்த சால்வையை உருவித் துடைத்துவிட்டார். மேடையிலிருந்த தாளாளரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "சிரிக்காம வந்து உக்காரு. நீ கதையச் சொல்லு, நான் வரையுறேன்" என்றார். முன்பின் அறியாதவளை எடுத்த எடுப்பிலேயே நீ என்று சொன்னது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அக்காவுக்குச் சோறு போட்டது கதைப் புத்தகங்கள் அல்ல. பள்ளி நோட்ஸ் புத்தகங்களுக்கு அறிவியல் படம் வரைந்து கொடுப்பதுதான் அவர் தொழில். இதயத்தின் குறுக்குவெட்டு, செம்பருத்தியின் பாகங்கள், தவளையின் சீரண மண்டலம். "தவளையோட குடலு எனக்கு மனப்பாடம். கண்ண மூடிக்கிட்டு வரைவேன்" என்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கணவர் இறந்து, மகளும் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டிருந்த காலம் அது. அலுவலகம் விட்டு வந்தால் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும். யாராவது பேச மாட்டார்களா என்று தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன். அந்த வெறுமையிலிருந்துதான் நான் கதை எழுத ஆரம்பித்தேன் என்பது அக்கா ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரு பள்ளியில் பார்த்த ஆசிரியர் இன்னொரு பள்ளிக்குச் சொல்ல, அழைப்புகள் வர ஆரம்பித்தன. பெரும்பாலும் கிராமத்து அரசுப் பள்ளிகள். சனிக்கிழமைகளில் காலையிலேயே ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் சந்தித்துக்கொள்வோம். எங்கள் பட்டறைக்குப் பெரிய முறை எதுவும் கிடையாது. நான் ஒரு கதையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். அடுத்து என்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல அக்கா வரைவார். யானைக்கு மூன்று காது என்று ஒரு பிள்ளை சொன்னால் மூன்று காதும் வந்துவிடும். "அதெப்படி மேடம் மூணு?" என்று ஆசிரியர் யாராவது குறுக்கிட்டால், "அது அவன் யானை சார், உங்க யானையில்ல" என்பார். மதியத்துக்குப் பிறகு பிள்ளைகளே வரைவார்கள். அவற்றையெல்லாம் சணல் கயிற்றில் துணி கிளிப் போட்டு வகுப்பறையின் குறுக்கே மாட்டுவோம். நன்றாக வந்த படம், வராத படம் என்று அக்கா ஒருநாளும் பிரித்ததில்லை. முப்பது பிள்ளைகள் வரைந்தால் முப்பதும் தொங்க வேண்டும். திரும்பும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அவர் தலையின் கனம் தோளில் இருக்கும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் என்னை ஒரு மனிதர் தொட்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆறு வருடம் அப்படிப் போனோம். ஏழாவது வருடத்தில் எழுமலைக்கு அப்பால் ஒரு ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் ஆர்வமான மனிதர். எங்களை அழைத்துவரச் சொந்தச் செலவில் ஆட்டோ அனுப்பியிருந்தார். அன்று பிள்ளைகளிடம், பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை வரையச் சொன்னார் அக்கா. புளியமரம், தண்ணீர்த் தொட்டி, பெட்டிக்கடை, துரத்துகிற நாய் என்று படங்கள் நிறைந்தன. ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி ஒரு தெருவை வரைந்திருந்தாள். இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவில் நடந்து போகும் ஒரு சிறுமி. அவள் கையில் புத்தகப் பை இல்லை, அது முதுகில் இருந்தது. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு செருப்பு.

"செருப்பு ஏன் கண்ணு கையில இருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"அந்தத் தெருவுல நாங்க அப்படித்தான்கா போவோம். முக்கு திரும்புனதும் போட்டுக்குவோம்" என்றாள் அவள். புகார் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்போம் என்பதுபோலச் சொன்னாள்.

அக்கா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "கால் வெரலு அஞ்சையும் வரைஞ்சிருக்க. எம்புட்டு நல்லா இருக்கு" என்று சொல்லி, தானே இரண்டு கிளிப் போட்டு அந்தப் படத்தைக் கயிற்றில் மாட்டினார்.

சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் வந்து கண்காட்சியைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. பள்ளிக்கு மேசையும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அக்கா தூரிகைகளைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். தலைமையாசிரியர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க" என்றார் மெதுவாக. "இது அவங்க தெரு. வாரவங்க இதைப் பாத்தா இங்கனயே சண்டையாயிரும். இந்தப் பிள்ளையோட அப்பாவுக்குத்தான் முதல்ல சிக்கல். நீங்க ராத்திரிக்குள்ள மதுரை போயிருவீங்க. நான்தான் இந்தப் பிள்ளைகள வச்சுக்கிட்டு இங்க இருக்கணும்."

அவர் என்னை மிரட்டவில்லை. உண்மையாகவே பயந்திருந்தார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் யோசித்தது அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பற்றி அல்ல. இங்கே ஒரு தகராறு என்றால் மற்ற பள்ளிகளுக்கும் செய்தி போகும், யாரும் எங்களை அழைக்க மாட்டார்கள், என் சனிக்கிழமைகள் போய்விடும் என்றுதான் யோசித்தேன். அவர் படத்தைத் தொடவில்லை. நான்தான் எடுத்தேன். இரண்டு கிளிப்பையும் கழற்றி, படத்தை அவர் கையில் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. இடைவெளி தெரியாமல் இருக்கப் பக்கத்துப் படங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அப்படி நகர்த்திய என் விரல்கள்தான் இன்றும் நினைவில் வருகின்றன.

அக்கா உள்ளே வந்ததும் கண்டுபிடித்துவிட்டார். "எங்க?" என்றார். நான் தலைமையாசிரியர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம்கா" என்றும் சொன்னேன். அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "கழட்டுனது யாரு?" என்று கேட்டார். நான் மிச்சமிருந்த சார்ட் பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்தேன். வாசலில் மேளச் சத்தம் கேட்டது, விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தன் படத்தைத் தேடிக்கொண்டே போனதையும், திரும்பி வந்து மறுபடி தேடியதையும் நான் மேடையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அக்கா மேடைக்கு வரவில்லை. பிள்ளைகளோடு கடைசி வரிசையில், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விழா முடிந்து தேடினேன்; அக்காவைக் காணவில்லை. சாலை நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். சார்ட் பேப்பர் சுருளை அவர் உட்காரும் இடத்தில் வைத்துக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தேன்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். கிளம்பும்போது, "இனிமே நான் வரல. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. உங்க பக்கத்துல நின்னு வரைய எனக்குக் கை வராது" என்றார். என்ன சொன்னார் என்பதைவிட, உங்க என்று சொன்னதுதான் வீடு வந்து சேரும்வரை காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக நீ என்று சொன்னவர் அவர்.

நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் யானையைப் பற்றிச் சொல்வார்கள், வரைய ஆளிருக்காது. "அந்த டிராயிங் மேடம் வரலையா?" என்று கேட்கும் பள்ளிகளில் உடம்பு சரியில்லை என்று சொல்வேன். அக்கா கோயம்புத்தூரில் தம்பி மகளோடு போய் இருந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து ஒருநாள் துணிந்து தொலைபேசியில் கூப்பிட்டேன். குரல் மெலிந்திருந்தது. கொஞ்சம் பேசிவிட்டு, "அந்தப் பிள்ளையப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. "இல்லக்கா" என்றேன். "சரி" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. போன ஆவணியில் தம்பி மகள் கூப்பிட்டு, எல்லாம் முடிந்து பதினாறாம் நாளும் ஆகிவிட்டது என்றாள். நோட்டில் என் எண்ணை அப்போதுதான் பார்த்தாளாம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, யாரும் அழைக்காமல், அந்த ஊருக்குப் போனேன். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போய் நாளாகியிருந்தது. படத்தின் மூலையில் அந்தப் பெண் எழுதியிருந்த பெயரைச் சொன்னதும், பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. "அது டி. கல்லுப்பட்டியில மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்குதே. மருந்துப் படிப்பு படிச்சிருச்சு" என்றார். மறுபடி பேருந்து ஏறி, இரண்டு மருந்துக் கடைகளில் விசாரித்து, மூன்றாவதில் அவளைக் கண்டுபிடித்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்.

"சீட்டு வச்சிருக்கீங்களா மேடம்?" என்று கை நீட்டினாள்.

நான் யாரென்று சொன்னேன். கதை சொல்ல வந்தது, படம் வரையச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "படம் வரையுற அக்காவா! அவங்கள மறப்பனா?" என்றாள். பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்து, "கூட வேற யாரும் வந்தாங்களா? அவங்க மட்டும் வந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றாள்.

அன்று நடந்ததில் எனக்குத் தெரியாத மீதியை அவள்தான் சொன்னாள். விழா முடிந்ததும் அக்கா அவளோடு அவள் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். அந்தத் தெரு முனையில் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபோது அக்காவும் குனிந்து தன் செருப்பைக் கழற்றியிருக்கிறார். "நீங்க போட்டுக்கங்கக்கா, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னேன். 'நீ போடுறப்ப நானும் போட்டுக்கிறேன்'னாங்க. தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. முக்கு திரும்புனதும் ரெண்டு பேரும் ஒண்ணா போட்டோம். எங்க வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க. எங்கப்பா கூட நின்னு பஸ் ஏத்திவிட்டாரு."

"படத்தப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். 'படத்துல தப்பு ஒண்ணும் இல்ல கண்ணு, பாத்தவங்களுக்குப் பயம் வந்துருச்சு'ன்னாங்க. யாருக்குன்னு சொல்லல. ஹெச்.எம். சாரா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"அவரில்லம்மா. கழட்டுனது நான்."

சர்க்கரை மாத்திரைக்கு ஒரு பெரியவர் வந்தார். காலையில் எது, இரவில் எது என்று அட்டையின் மேல் பேனாவால் எழுதி, அவருக்குப் புரியும்வரை இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், அவள் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

சொன்னேன். அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள். "ஒரு தடவ போய்ப் பாக்கணும்னு இருந்தேன். எங்க போய்க் கேக்குறதுன்னு தெரியல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்க பேரு என்ன மேடம்? அக்கான்னே கூப்பிட்டதால கேக்கவே இல்ல" என்றாள்.

பெயரைச் சொன்னேன். நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியதால் அந்தப் பெயர் என் வாய்க்கே புதிதாக இருந்தது. அவள் மாத்திரை போடும் காகித உறை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதினாள். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சரியாக இருந்தது.