ஒற்றக்காவும் ஓடிப்போன பலகையும்

அச்சகத்தில் அவரை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவர். க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றெழுத்துகளில் ஒன்று வரவேண்டிய இடத்தில் வராமல் போனாலும், வரக்கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாலும், அவருடைய சிவப்புப் பேனா நேராக அங்கே போய் நின்றுவிடும். வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. மருந்துப் பெட்டி, தண்ணீர் வரி ரசீது, பேருந்தின் முதுகில் ஒட்டிய விளம்பரம், எதையும் விடமாட்டார்.

"இலக்கணத்துல வலி மிகும் இடம்னு ஒண்ணு படிச்சோமே, எங்க வீட்டுல அது இவதான்" என்று அவர் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மனைவியின் வேலை என்னவென்று அவருக்குச் சரியாக விளங்கியதே இல்லை. பிழை இருந்தால்தான் ஊர் பேசும். இல்லாத பிழையை யார் பார்த்தார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கூடத்திலிருந்து மாமனாரின் சத்தம் கேட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு! பலகையக் காணோம்!"

மாமனார் முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் செஸ் விளையாட ஆரம்பித்தார். இரண்டு வருடமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே அபூர்வம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இணையப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆடிய போட்டி. ஒவ்வொருவராகத் தட்டிவிட்டு மனிதர் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார். எதிராளி கடல் கடந்த ஏதோ ஊரில் பல் டாக்டர். ஆட்டம் அன்று மாலை நான்கு மணிக்கு. கம்ப்யூட்டரில், கேமரா முன்னால் உட்கார்ந்துதான் ஆட வேண்டும் என்பது விதி.

ஒற்றக்கா ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தார். செஸ் பலகை ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் அதைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு பக்கம் வந்து திரையை அடைத்துக்கொண்டது. கூடவே ஆம்புலன்ஸ் போல ஓர் ஊளை. நடுவில் சிவப்பு எழுத்துகள்:

'எச்சரிக்கை! உங்கள் கனிணியில் 128 வைரஸ்கள் கண்டறிய பட்டன. உடனே அழைக்க வில்லை என்றால் அணைத்தும் அழிந்து விடும்.'

கீழே ஒரு தொலைபேசி எண். கணவர் அதற்குள் கைபேசியில் அந்த எண்ணைப் பாதி அழுத்திவிட்டார்.

"வைங்க போனை!" என்று ஒற்றக்கா போட்ட அதட்டலில் அவர் கை அப்படியே நின்றது.

"ஏன், உதவிக்குத்தானே நம்பர் குடுத்திருக்கான்?"

"கணினிக்கு முதல்ல மூணு சுழி, அப்புறம் ரெண்டு சுழி. இங்க தலைகீழா கெடக்கு. 'கண்டறியப்பட்டன'ல ப் இல்ல. 'அழைக்க' தனியா நிக்குது, 'வில்லை' தனியா நிக்குது. இதப் பாருங்க, 'அணைத்தும்'! எல்லாம் கட்டிப்பிடிச்சுக்கிட்டா அழியப்போகுது? ரெண்டு வரியில நாலு பிழை. உண்மையான கம்பெனி இப்படி எழுதுமா? இது எவனோ திருட்டுப்பய எழுதினது. கூப்பிட்டா பேங்க் விவரத்தத்தான் கேப்பான்."

கணவர் கைபேசியை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஓர் ஒற்றெழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"எப்ப இருந்து மாமா இப்படி ஆகுது?"

மாமனார் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வியாழக்கிழமைல இருந்தும்மா. நான் ஒரு இடத்துல தொட்டா வேற எங்கயோ போகும். வெள்ளிக்கிழமை அரையிறுதில மூணு தடவ பலகை ஓடிப்போச்சு. நாலு செகண்ட் மிச்சம் இருக்கும்போதுதான் ஜெயிச்சேன். கைதான் நடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

முட்டை ஒன்றை நசுங்காமல் கிரேனால் தூக்கி வைப்பேன் என்று பெருமை பேசிய கை அது. ஒற்றக்காவுக்குக் கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அச்சகத்துக்கு வரும் கம்ப்யூட்டர்காரரை முதலில் கூப்பிட்டார். அவர் ஓடும் ரயிலில் இருந்தார்.

"அக்கா, மொதல்ல நெட் வயரப் பிடுங்குங்க. அப்புறம் ப்ரோக்ராம் லிஸ்ட்டத் தேதிவாரியா அடுக்கிப் பாருங்க. புதுசா, நீங்க போடாதது எது இருந்தாலும் தூக்கிடுங்க. அப்புறம் பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன்னு ஒரு இடம்... அங்க..."

ரயில் ஏதோ குகைக்குள் புகுந்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"போதும். பிழை எங்க இருக்கும்னு சொல்லிட்டாரு, கண்டுபிடிக்கிறது என் வேலை."

நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கியதும் தலைமாட்டிலேயே இரண்டு புதுப் பெயர்கள் நின்றன. ஒன்று, ஏழே நாளில் செஸ் கற்றுத்தரும் இலவசச் செயலி. இன்னொன்று, 'தேடல் உதவியாளர்'. இரண்டும் புதன்கிழமை வந்தவை. புதன்கிழமை மாமனாரைக் கண் பரிசோதனைக்குக் கணவர் அழைத்துப் போயிருந்தார். ஒற்றக்கா அச்சகத்தில். வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்.

ஒற்றக்கா தலையைத் திருப்பினார். சமையலறை வாசலில் துணியும் கையுமாக நின்ற மாமியார், துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எவன் வேலை?" என்றார் மாமனார்.

"ஏதோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு ஒற்றக்கா திரைக்குத் திரும்பினார். அது பொய்யும் இல்லை.

உதவியாளர் லேசில் போவதாக இல்லை. நீக்கச் சொன்னால் பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் ஒன்றைக் காட்டியது: 'பாதுகாப்பைத் தொடர்'. அதன் காலடியில், வெள்ளைத் தாளில் பென்சிலால் கிறுக்கியது போல மங்கலாக ஒரு சொல்: 'நீக்கு'. அடிக்குறிப்புகளைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிறவரிடமா இந்த வித்தை? மங்கலானதைத் தட்டினார். போனது. செஸ் செயலியும் போனது. பிரவுசருக்குள், கூடுதல் வசதிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில், நல்ல பெயரைப் போலவே வேஷம் போட்டு, ஓர் எழுத்து மட்டும் இரட்டித்த ஒன்று உட்கார்ந்திருந்தது. அதையும் தூக்கினார். அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கியிருந்த பதினோரு தளங்களையும் ஒவ்வொன்றாகத் தடுத்தார்.

மணி இரண்டே முக்கால். வயரைச் செருகி, மெஷினை அணைத்துப் போட்டு, பிரவுசரைத் திறந்தார்கள். நான்கு தலைகளும் திரையை நோக்கிக் குனிந்தன.

மஞ்சள் பக்கம். ஊளை.

"சனியன்!" என்றார் மாமனார்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாமா?" என்றார் கணவர்.

"என் ஆட்டமெல்லாம் அதுல இருக்குடா! ஆயிரத்து நூறு ஆட்டம், குறிப்போட எழுதி வச்சிருக்கேன்! நாலு மணிக்குள்ள புதுசா போட்டு முடிஞ்சிருமா?"

ஒற்றக்கா நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். உள்ளே பூராவும் பார்த்தாயிற்று. அப்படியானால் தப்பு உள்ளே இல்லை. திறக்கிற இடத்திலேயே இருக்கிறது. திரையின் முகப்பில் இருந்த பிரவுசர் சின்னத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அதன் விவரத்தைத் திறந்தார். எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்று ஒரே வரியில், சின்னப் பெட்டிக்குள் எழுதியிருந்தது. முன்பாதி ஒழுங்காகத்தான் இருந்தது. களைத்த கண் பிழையைத் தாண்டிப் போய்விடும் என்பதால் மெய்ப்புக்காரர்கள் சில சமயம் வரியைக் கடைசியிலிருந்து படிப்பார்கள். ஒற்றக்கா அம்புக்குறியை வரியின் கடைக்கோடிக்குத் தள்ளினார்.

மேற்கோள்குறி மூடியிருந்தது. மூடிய பிறகு ஓர் இடைவெளி. இடைவெளிக்கு அப்பால், வாயில் நுழையாத ஒரு தளத்தின் முகவரி!

"மாட்டினான்!" என்று கத்தியேவிட்டார். "மேற்கோள் முடிஞ்ச பிறகு உனக்கு என்னடா வேலை?" வேறு இரண்டு சின்னங்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். எதிலும் மேற்கோளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்த வாலை மட்டும் தேர்ந்தெடுத்து, அழித்து, சேமித்தார். பிரவுசரைத் திறந்தார்.

வெள்ளைப் பக்கம். சத்தமே இல்லை. மாமனார் நடுவில் புகுந்து செஸ் தளத்தைத் திறந்தார். பலகை வந்தது. ஒரு சிப்பாயைத் தொட்டார். சிப்பாய் நகர்ந்தது, சொன்ன கட்டத்துக்கு. இன்னொன்று. அதுவும். அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, புறமும் உள்ளுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கை நல்லாத்தான் இருக்கா?"

"நடுங்கினது நம்ம கம்ப்யூட்டர்தான் மாமா."

அந்த நேரம் பார்த்து ரயிலில் இருந்த கம்ப்யூட்டர்காரரிடமிருந்து செய்தி வந்தது: நல்ல துப்புரவு மென்பொருள் ஒன்றின் பெயர், அதைத் தயாரிப்பவர்களின் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்ற கண்டிப்பு, முழுசாக ஓட்டாவிட்டால் இது மறுபடி முளைக்கும் என்ற எச்சரிக்கை. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து எடுத்து ஓட்டினார்கள். மணி மூன்று ஐந்து. பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

ஒற்றக்கா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மாமியார் காத்திருந்தார்.

"நான்தான்" என்றார், கேட்பதற்கு முன்பே.

"தெரியும் அத்தை. ஆனா செஸ் எதுக்கு?"

"ரெண்டு வருஷமா அந்த மனுஷன் முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல உக்காந்து ஆடினாலாவது மூஞ்சியப் பாக்கலாமேன்னு தோணுச்சு. கேட்ட எடத்திலெல்லாம் சரி சரின்னு தட்டினேன். படிக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "குதிரை எப்படிப் போகும்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சுபோச்சு."

ஒற்றக்கா குடித்த தண்ணீர் புரையேறியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்.

மூன்று நாற்பது: எழுபத்தொரு சதவீதம். மூன்று நாற்பத்தெட்டு: எண்பத்தெட்டு. மாமனார் சட்டை மாற்றி, தலை சீவி, கோடு அசையாதபோதெல்லாம் நின்ற இடத்திலேயே நடந்தார். மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அந்த மென்பொருள் மூன்று எச்சங்களைப் பிடித்து அழித்து, மறுபடி தொடங்கச் சொன்னது. மெஷின் அணைந்து, யோசித்து, சாவகாசமாகக் கண் விழித்தது.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு மாமனார் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டார்.

கேமராவுக்குத் தெரியாத சுவரோரம் மற்ற மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை. இருபதாவது நகர்த்தலில் ஒரு யானையைப் பிடுங்கிக்கொண்டார். பதிலுக்கு மாமனார் ஒரு மந்திரியை எடுத்தார். நாற்பது நிமிடம் ஒரு விளம்பரம் வரவில்லை, ஒரு மஞ்சள் தெரியவில்லை. முப்பத்தெட்டாவது நகர்த்தலில் பல் டாக்டர் தன் ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். மாமியார் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். மாமனார் இரண்டு நிமிடம் யோசித்தார். பிறகு குதிரையைத் தூக்கி, ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே சமயத்தில் குறி வைத்து இறக்கினார். முட்டையை நசுங்காமல் வைப்பது போல அத்தனை நிதானமாக.

பல் டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டபோது கணவர் அடித்த விசிலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாமனார் எழுந்து மருமகளின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நான் குதிரையத் தொடறதுக்கு முன்னாடியே நீ மூச்ச இழுத்தியே? உனக்கெப்படித் தெரியும்?"

மாமியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மாமனார் வாய் திறந்தபடி கேட்டார். பிறகு பரணிலிருந்து மரப்பலகையை எடுத்துத் தூசி தட்டி, சாப்பாட்டு மேஜையில் விரித்தார். ஒன்பதாவது நகர்த்தலிலேயே மாமியார் தோற்றார். "இன்னொண்ணு வைங்க" என்றார்.

மறுநாள் அச்சகத்தில் ஒற்றக்கா தன் நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடி, கையை ஆட்டியபடி, மேற்கோள்குறிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனை எப்படிப் பிடித்தார் என்று பைண்டிங் ஆட்களுக்கு ஒருமுறை, ஊர் திரும்பிய கம்ப்யூட்டர்காரருக்கு இன்னொருமுறை, வெளியே வந்து எட்டிப்பார்த்த முதலாளிக்கு முதலிலிருந்து மூன்றாவது முறை சொன்னார்.