வாய்க்கு நான்கு விரல் தூரம்

என் வலது கை வாய் வரை வராது. நான்கு விரல் இடைவெளியில் நின்றுவிடும். மீதித் தூரத்துக்குத் தலை குனிந்து நான்தான் கையிடம் போக வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் பார்த்தார்கள். இப்போது பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோணாங்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். பட்டுப்புடவை என்பதால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன், மடியில் தாம்பூலப் பை. நாய் ஒன்று குறுக்கே வந்தது, அவர் பிரேக் பிடித்தார், ரோட்டில் மணல் கிடந்தது. அவ்வளவுதான். முழங்கை தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக அவரை ஒரு மாதம் திட்டினேன். கீறல் விழாதது அவர் குற்றமா என்ன? இருந்தாலும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கை விறகுக்கட்டை மாதிரி இருந்தது. அன்றைக்கு வாய்க்கும் கைக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் பேச்சில் அவ்வளவு கண்டிப்பு.

"ஆன்ட்டி, நான் சொல்லித்தர்றத வீட்டுல நீங்களே செய்யணும். வலி பொறுக்குற அளவுக்கு மடக்குனா போதும். இன்னொண்ணு, எண்ணெ தேச்சு நீவவே கூடாது. மத்த எடம் எப்படியோ, முழங்கைக்கு அது ஆகாது. சதைக்குள்ள எலும்பு வளந்துடும். அப்புறம் கை மடங்காது."

பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை. என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் ஃபைலையும் என் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் இது அவர் காதில் விழவில்லை.

அந்த மாதங்களை நினைத்தால் வலியைவிட அலுப்புதான் ஞாபகம் வருகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜாக்கெட் கொக்கி மாட்டுவதற்கு ஒரு ஆள், தலை வாருவதற்கு ஒரு ஆள் என்றால் எல்லா ஆளும் அவர்தான். அவர் பின்னும் சடை தெருமுனை தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். வைத்திக்குப்பத்திலிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தால் எனக்கு அழுகை வரும். ஸ்பூனால் இட்லி தின்னலாம், உப்புமா தின்னலாம். சங்கராமீனை எப்படித் தின்பது? அவர் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் ஊட்டிவிட வந்தார். "யோவ், நான் இன்னா கொழந்தையா?" என்று கத்திவிட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மேலும் கத்தவும் தெம்பில்லை, சமாதானம் செய்யவும் தெம்பில்லை.

ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. என் கையால் சோற்றைப் பிசைந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, என் வாயில் போட வேண்டும். அந்தப் பெண் சொன்னபடி மடக்கி மடக்கிப் பழகினேன். ஒரு சாண் குறைந்து ஆறு விரலாயிற்று. பிறகு ஐந்து. இன்னும் ஒரு மாதத்தில் வாய்க்கு வந்துவிடும் என்று அந்தக் கண்டிப்புக்காரியே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அந்த வாரம்தான் அவர் எண்ணெய் கொண்டுவந்தார். அவருக்கு ஒரு காலேஜில் வாட்ச்மேன் வேலை. லீவு நாளில் பஸ் ஏறி விழுப்புரத்துப் பக்கம் அவர் அக்கா ஊருக்குப் போய், யாரோ காய்ச்சின மூலிகை எண்ணெயைப் பாட்டிலில் வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் அதைக் கிண்ணத்தில் சூடு பண்ணி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அதற்குள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் அன்னிக்கி பிரேக்க புடிச்சுட்டேன்," என்றார். "நாயி மேல ஏத்தியிருந்தாலும் ஏத்தியிருக்கணும். ஒன்ன தள்ளிட்டேனே."

விபத்து நடந்ததிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் திட்டும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த மனுஷன் கண்கலங்கி என் கையை நீவிக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? கொஞ்சம் எண்ணெய் என்ன பண்ணிவிடப் போகிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுகமாகவும் இருந்தது. அதை மறைப்பானேன்? எல்லாரும் மடக்கு மடக்கு என்று பிடுங்கியெடுத்த கையை அவர் ஒருத்தர்தான் மெதுவாகத் தொட்டார்.

தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நீவினார். போகப்போக நன்றாக அழுத்தியே நீவினார். நான்கு விரலுக்கு வந்த கை அங்கேயே நின்றது. முழங்கை எப்போதும் சூடாக இருந்தது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்தேன்.

பிசியோதெரபிப் பெண் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறி எக்ஸ்ரே எடுக்க அனுப்பினாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்கை மடிப்புக்கு முன்னால், சதை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு மேகம் மாதிரி இருந்தது. புதிதாக வளர்ந்த எலும்பாம்.

"யாராவது எண்ணெ போட்டு நீவுனாங்களாம்மா?"

"இல்ல டாக்டர்," என்றேன். யோசிக்கவே இல்லை, பொய் தானாக வந்தது.

சில பேருக்குத் தானாகவும் வரும் என்றார் அவர். ஒரு வருஷம் போகட்டும், எலும்பு முற்றட்டும், அப்புறம் எடுக்க முடியுமா என்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான் வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "இன்னா சொன்னாங்க?"

"வயசாயிடுச்சாம். மெதுவாத்தான் வருமாம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். அவர் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தெரிந்திருந்தும் கையை நீட்டியவள் நான். சொன்னால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். ஒரு முறை என்னைக் கீழே தள்ளியதையே அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமும் கிண்ணத்தோடு வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி ஒரு நாள்கூட நீவக் கூடாது. ஏன் என்று சொல்லவும் கூடாது.

"கை போதும்யா," என்றேன். "காலுதான் கடுக்குது. காலப் புடிச்சு விடு."

எழுந்து போய், பக்கத்து வீட்டம்மா பார்க்காதபடி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கீழே உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அலைஞ்சு அலைஞ்சு வீங்கிப் போச்சு பாரு," என்றார்.

காலில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. "ஆமா," என்றேன்.

"மொதல்ல இது சரியாவட்டும்," என்றார், உள்ளங்காலில் எண்ணெயை வைத்துத் தேய்த்தபடி. "அப்புறம் கைய விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சுடலாம்."

அதனால் என் கால் இன்றுவரை சரியாகவில்லை.