ஏலக்காரர் பாண்டியின் குரல்வளை

அடுத்தவர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டர். ஜனங்களோடு மாரடிக்கிற வேலையில் இருப்பவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

லேசா நறுக்கணும்

பாண்டி, சின்னமனூர்ப் பக்கம் ஒரு காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர். குரல் கரகரத்துப் போய், மனைவி செல்வியோடு வந்தார். உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று ஊரே தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தது. நம்மூரில் தொண்டைக்கு எது வந்தாலும் பாவம், உள்நாக்குதான் குற்றவாளி.

பிளாஸ்டிக் மாடலைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். உள்நாக்கு வாய்க்குள் தொங்குவது. குரல் பிறப்பது அதற்கும் கீழே, குரல்வளையில். சோறு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் மேலே ஒரு மூடி, அதற்கடியில் இரண்டு நாண்கள். அவை சேர்ந்து அதிர்ந்தால்தான் சத்தம். இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நான் முடித்ததும் செல்வி சொன்னார்: "எல்லாஞ் சரிதான் டாக்டரம்மா, அந்த உள்நாக்க மட்டும் லேசா நறுக்கி விட்டுருங்க."

டிவியில் பாண்டி

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டேன். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய நாண்கள் சிவந்து கிடந்தன. ஓரத்தில் ஆளுக்கொரு அரிசி அளவு தடிப்பு. கத்திக் கத்திக் காய்த்துப் போனது. புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் செல்வி திரையைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். பிறகு டிவியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்துனூண்டு சந்துக்குள்ள இருந்தா இம்புட்டு நாளும் என்னைய வைஞ்சாக?"

குசுகுசு ஏலம்

வாயே திறக்கக் கூடாது என்று அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோதும் தடிப்பு அப்படியே இருந்தது. விசாரித்தால், அவர் பேசவே இல்லையாம், மண்டியில் குசுகுசுத்துத்தான் ஏலம் விட்டாராம். குசுகுசுத்தாலும் நாண் கெடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். லீவு போட்டால் வேலை போய்விடும் என்றார் செல்வி.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மண்டி முதலாளிக்கே போன் போட்டு, கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், அப்புறம் ஒரு மைக்கும் வாங்கிக் கொடுங்கள் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மைக்குன்னா எங்க செலவு டாக்டரம்மா. தொண்டை அவரு சொந்தத் தொண்டைதான?"

மைக் வந்தது

ஓய்வு மட்டும் கிடைத்தது. அந்த நாட்களில் முதலாளியே கூவிப் பார்த்து, அவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. உடனே மண்டிக்கு மைக் வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

மறுபடி வந்தபோது பாண்டியின் தடிப்பும் கரைந்திருந்தது, குரல் கணீரென்று இருந்தது. முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. மைக் இருக்கும்போது யார் கூவினால் என்ன என்று முதலாளி தன் மச்சினனை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டாராம். எனக்குச் சுருக்கென்றது. பாண்டி கோபப்படவில்லை. "தொண்டையச் சரி பண்ணிட்டீக டாக்டரம்மா. இத வச்சு இனி எங்கன போய்க் கூவுறது?"

மூக்கு வழியாக விட்டுக் குரல்வளையைப் பார்க்கக் குழாய் வந்துவிட்டது, முதலாளிமார் மனசைப் பார்க்க எந்த வழியாக விடுவது என்றுதான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.