ஜெபாவிடம் சொல்லாத ரிசல்ட்

ஜெபா இறந்துவிட்டான். இன்று விடியற்காலை. டெங்கு... முப்பத்து மூன்று வயது.

இங்கே ஃபேஸ்புக்கில் பலருக்கு அவனைத் தெரியாது. தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ் லேபில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்து சீட். வெயிலைத் திருப்பி அனுப்பாமல் அப்படியே விழுங்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய படலம் செய்வதுதான் எங்கள் ப்ராஜெக்ட். மெட்டாமெட்டீரியல் அப்சார்பர் என்பார்கள்.

கண்ணுக்கே தெரியாத உலோக வளையங்கள்... அவற்றைக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது ஜெபா. செய்து அளந்து பார்ப்பது நான். சிவப்பைப் பிடித்தால் நீலம் நழுவும், நீலத்தைப் பிடித்தால் சிவப்பு போகும். பையன் அசரவே மாட்டான்.

போன வருடம் ஒரு நாள், சாம்பிளிலிருந்து வெளிச்சம் திரும்பி வரவே இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று குதித்தேன். ஜெபாவிடம் சொன்னேன், அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூர் சர்ச்சில் எழுந்து நின்று, என் பிள்ளை ஜெயித்துவிட்டான் என்று சாட்சியே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பார்த்தால், சாம்பிளின் பின்பக்க உலோகப் பூச்சு உரிந்திருக்கிறது. வெளிச்சம் உள்ளே தங்கவில்லை, பின்வழியாக வெளியே போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. முழுக்க என் தப்பு.

ஜெபா கோபப்படவில்லை. "பேப்பர்ல தப்புன்னா கரெக்‌ஷன் போடலாம் மச்சான். சர்ச்ல எப்படிடா போடுறது?" என்று சிரித்தான்.

அப்புறம் சொன்னான், "இனிமே மூணு தடவை அளந்துட்டு சொல்லு. அதுவரைக்கும் என்கிட்டகூட சொல்லாத."

இந்த வாரம் புது சாம்பிள். திங்கள் அளந்தேன்... வந்துவிட்டது. செவ்வாயும் வந்துவிட்டது. ஊதாவிலிருந்து சிவப்புக்கு அந்தப் பக்கம் வரை, எல்லா நிறமும். பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பூச்சு நன்றாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம், ஜெபா காய்ச்சலோடு படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். "புது சாம்பிள் என்னடா ஆச்சு?" என்றான் படுத்தபடியே.

"மெஷின் ஃப்ரீ இல்லடா. வியாழக்கிழமைதான் ஸ்லாட்" என்றேன். அவன் வீட்டுக்கு வந்ததும் மூன்று கிராஃபையும் பிரிண்ட் போட்டு மொத்தமாக நீட்டலாம் என்று நினைப்பு எனக்கு.

"சரி மச்சான், பொறுமையா பண்ணு" என்றான். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்...

இன்று வியாழன். செய்தி கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் லேபுக்குப் போனேன். வேறு எதுவும் தோன்றவில்லை, மூன்றாவது தடவை அளந்தேன். அதே கோடு. யாரிடம் காட்டுவது?

அவன் வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வெயில் வேலை என்னாச்சு தம்பி?"

"வந்துடுச்சும்மா."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா... செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டேன். சிரிச்சான்" என்றேன்.

அம்மா ஃபேஸ்புக்கில் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போய் வாடா ஜெபா.